மெழுகுவத்தி என்ன விலை விற்றது? ஜார்ஜெட் ஹேயரின் வாழ்வும் ஆராய்ச்சியும்

குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. மலை ரயிலில் ஊட்டிக்குப் போனவர்கள் அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் கலந்துகொண்டார். திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அந்த நகரத்தை நிர்வகித்தார். பதினாறு ஆண்டு கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தபோது அவர் வெலிங்டன் கோமகன் ஆகியிருந்தார். அவர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றை, போன நூற்றாண்டில் ஒரு பெண் காசு கொடுத்து வாங்கினார். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைக்க வாங்கவில்லை. இந்த மனிதர் வாக்கியத்தை எப்படித் தொடங்குவார், எங்கே வெட்டுவார், கோபம் வந்தால் என்ன சொல் போடுவார் என்று பார்க்கத்தான் வாங்கினார். அந்தப் பெண்ணின் நாவலில் வெலிங்டன் பேசவேண்டியிருந்தது. தன் நாவலில் வெலிங்டன் வாயில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் வெலிங்டன் எங்காவது சொன்னதோ எழுதியதோதான் என்று பின்னால் அந்தப் பெண் அடித்துச் சொன்னார்.

இவ்வளவு பாடுபட்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று நினைப்பீர்கள். அவர் பல்கலைக்கழகப் படிப்பே படித்தவர் அல்லர். அவர் எழுதியவை காதல் கதைகள். பெயர் ஜார்ஜெட் ஹேயர்.

நம் நகரங்களில் வாடகை நூலகங்கள் நன்றாக நடந்த காலத்தில் இவருடைய புத்தகங்கள் அங்கே தாராளமாகக் கிடைத்தன. மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல் அடுக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். அட்டையில் ஒரு பெண், தொப்பி, விசிறி, பின்னால் குதிரை வண்டி. அட்டையைப் பார்த்தே ஒதுக்கியவர்கள் உண்டு. அட்டைக்காகவே எடுத்தவர்களும் உண்டு. எடுத்தவர்கள்தான் பிழைத்தார்கள் என்பது என் கட்சி.

காதல் கதைக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு அதற்கு வருவோம்.

1902 ஆகஸ்ட் 16ஆம் தேதி லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் பிறந்தார். அப்பா பெயர் ஜார்ஜ். அதையே பெண்ணாக்கி ஜார்ஜெட் என்று வைத்தார்கள். அப்பா ஆசிரியராக இருந்தவர். பிரெஞ்சுக் கவிஞர் வில்லோனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மகள் என்ன படிக்க வேண்டும், என்ன படிக்கக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை. தம்பி போரிஸுக்கு ரத்தம் உறையாத நோய். அவன் உடம்பு தேற ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் தங்கியிருந்தபோது, பொழுது போக வேண்டுமே என்று பதினேழு வயது அக்கா ஒரு கதை கட்டினாள். வழிப்பறிக் கொள்ளைக்காரனாகத் திரியும் ஒரு பிரபு, அவனுக்கு ஒரு வில்லன், கடத்திக்கொண்டு போகப்படும் ஒரு பெண். அப்பா கேட்டார், நன்றாக இருக்கிறதே, அச்சுக்கு அனுப்பு என்றார். அதுதான் 1921இல் வந்த 'தி பிளாக் மாத்'. எழுதியவருக்கு அப்போது வயது பத்தொன்பது.

1925 அவருக்குப் பொல்லாத ஆண்டு, நல்ல ஆண்டும் அதுவே. ரொனால்ட் ரூஜியர் என்ற சுரங்கப் பொறியாளருடன் நிச்சயமானது. ஒரு மாதம் கழித்து, வருங்கால மாப்பிள்ளையோடு டென்னிஸ் ஆடிவிட்டு வந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. இரண்டு தம்பிகளின் பொறுப்பு அக்கா தலையில் விழுந்தது. ஆகஸ்டில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து சாகும்வரை இந்தப் பெண் எழுதியதெல்லாம் குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்கு என்பதை மறக்கக் கூடாது. இலக்கியச் சேவை என்ற பேச்சு அவர் வாயில் வந்ததே இல்லை. தன் புத்தகங்களை அவரே மட்டம் தட்டிப் பேசுவார். அதில் பாதி தன்னடக்கம், பாதி தற்காப்பு என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' வந்தது. 1926 இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு. புத்தகத்துக்கு விளம்பரமும் இல்லை, மதிப்புரையும் இல்லை. ஆனாலும் 190,000 பிரதிகள் விற்றதாகக் கணக்கு. அதிலிருந்து ஹேயர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்: விளம்பரம் வேண்டியதில்லை. பேட்டி என்று யார் வந்தாலும் கதவு சாத்தப்பட்டது. பதிப்பாளர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஏ. எஸ். பையட் என்ற பெரிய நாவலாசிரியர் 1969இல், நீங்கள் நினைப்பதைவிட இவர் நல்ல எழுத்தாளர் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். ஹேயர் இறந்த பிறகு இன்னொரு கட்டுரையும் எழுதினார். அதன் தலைப்பே இவருடைய மூர்க்கமான வாய்மூடித்தனத்தைப் பற்றியதுதான்.

கணவருக்கு டாங்கனீக்காவில் வேலை கிடைத்தது. இன்றைய தான்சானியா. கூடவே போனார். காட்டுக்குள் யானைப்புல் வேய்ந்த குடிசையில் வாசம். சுற்றிலும் சிங்கம், காண்டாமிருகம். அங்கே உட்கார்ந்துகொண்டு 18ஆம் நூற்றாண்டு லண்டனைப் பற்றி எழுதினார் இந்த அம்மாள்! 'தி மாஸ்கரேடர்ஸ்' என்று 1928இல் வந்த நாவல் அது. பார்த்து எழுத நூல்கள் கைவசம் இல்லை. ஆனாலும் அதில் துருவித் தேடியவர்களுக்கு அகப்பட்ட காலப்பிழை ஒன்றே ஒன்று: லண்டன் கிளப் ஒன்றை ஓராண்டு முன்னதாகத் திறந்துவிட்டாராம். பிறகு கணவரோடு மாசிடோனியா போனார். அங்கே பல் பிடுங்கப் போன இடத்தில் மயக்க மருந்து தப்பாகக் கொடுத்து உயிர் போகப் பார்த்தது. 1929இல் ஊர் திரும்பினார்கள். கணவர் ஒரு விளையாட்டுப் பொருள் கடை வைத்துப் பார்த்தார். பிறகு சட்டம் படித்து 1939இல் வழக்கறிஞர் ஆனார். அத்தனை காலமும் வீட்டை நடத்தியது மனைவியின் பேனா. ஆண்டுக்கு ஒரு காதல் நாவல், ஒரு துப்பறியும் நாவல் என்ற கணக்கில் எழுதினார். துப்பறியும் கதைகளுக்குக் கொலை எப்படி நடந்தது என்பதைக் கணவர் யோசித்துக் கொடுப்பார், ஆட்களைப் பேச வைப்பது மனைவி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஹேயர் தனக்கென்று ஆக்கிக்கொண்ட காலத்துக்கு ரீஜென்சி என்று பெயர். மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்துவிட, மூத்த மகன் அவருக்குப் பதிலாக ஆண்ட காலம். 1811 முதல் 1820 வரை, மொத்தமே ஒன்பது ஆண்டு. ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் அச்சேறியது அப்போதுதான். ஆஸ்டின் தன் காலத்தைத் தன் காலத்து ஆட்களுக்கு எழுதினார். வண்டி என்றால் என்ன வண்டி, சாப்பாட்டு நேரம் எப்போது, நடன அரங்கில் யார் யாரை முதலில் வணங்க வேண்டும் என்று அவர் விளக்க வேண்டியதில்லை, வாசகருக்கே தெரியும். நூறு ஆண்டு தாண்டி எழுத வந்த ஹேயருக்கு அந்த வசதி கிடையாது. எல்லாவற்றையும் தேடித்தான் எடுக்க வேண்டும். 1935இல் 'ரீஜென்சி பக்' எழுதினார். ரீஜென்சி காதல் நாவல் என்று இன்று ஒரு தனி வகையே உலகம் முழுவதும் விற்கிறது. தொலைக்காட்சித் தொடராகவும் வருகிறது. அதன் கிணற்றைத் தோண்டியவர் இவர்.

ஆயிரம் புத்தகத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சி நூலகம் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய குறிப்பேடுகள். அழகு, நிறங்கள், உடை, தொப்பிகள், வீட்டுச் சாமான், விலைகள், கடைகள் என்று தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டே போயிருக்கிறார். இன்னொரு ஏட்டில் அந்தக் காலத்துச் சொற்றொடர்கள் வரும். உணவும் பாத்திரமும், கொஞ்சல் மொழிகள், யாரை எப்படி விளிப்பது என்று அதற்குள்ளும் பிரிவுகள். விலைகள் என்ற தலைப்பின் கீழ், இன்ன ஆண்டில் மெழுகுவத்தி இன்ன விலை என்றுகூடக் குறிப்பு இருக்கிறது.

மெழுகுவத்தி விலையைத் தெரிந்துகொண்டு காதல் கதை எழுத முடியுமா? கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்தில் இரண்டு வகை மெழுகுவத்தி உண்டு. ஒன்று ஆட்டுக் கொழுப்பிலும் மாட்டுக் கொழுப்பிலும் செய்தது. புகையும், நாறும், திரி கருகக் கருகக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று தேன்மெழுகில் செய்தது. மணமாக, அலுங்காமல் எரியும். விலையோ கையைக் கடிக்கும். இங்கிலாந்தில் 1831 வரை மெழுகுவத்திக்கு வரி இருந்தது. தேன்மெழுகுக்குக் கூடுதல் வரி. ஆகவே ஒரு விருந்துக்கு எத்தனை தேன்மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள் என்பது ஏறக்குறைய அந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவது போலத்தான். கடனில் மூழ்கிய பிரபு வீட்டில் எந்த அறையில் எது எரியும் என்பது தெரிந்துவிட்டால், 'இந்தக் குடும்பம் நொடித்துப் போயிருந்தது' என்று ஒரு வாக்கியம் தனியாக எழுத வேண்டியதில்லை. ஹேயர் கண்ட சூட்சுமம் இதுதான். அவர் சேர்த்த தகவலில் பெரும் பகுதி பக்கத்தில் தெரியவே தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அவரைப் பார்த்து எழுதக் கிளம்பியவர்களில் பலர் படித்த குறிப்பையெல்லாம் கொண்டுவந்து நாயகியின் கவுன்மேல் தைத்துவிடுவார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். ஹேயருக்கு ஆராய்ச்சி எதற்குப் பயன்பட்டது? அந்தக் காலத்தில் எது நடக்க முடியாது என்று தெரிந்துகொள்வதற்கு. எது நடக்காது என்று தெரிந்தவருக்குத்தான் கதை கட்ட வரும்.

ஓர் உதாரணம். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வது. 1753இல் இங்கிலாந்தில் ஒரு திருமணச் சட்டம் வந்தது. 21 வயது ஆகாதவர்கள் பெற்றோரை மீறி மணம் முடிப்பது அதன் பிறகு அநேகமாக இயலாத காரியம். ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தாது. அங்கே இரண்டு சாட்சிகள் முன்னால் நாங்கள் கணவன் மனைவி என்று சொன்னால் போதும், முடிந்தது. எல்லையைத் தாண்டியவுடன் வரும் முதல் ஊர் கிரெட்னா கிரீன். லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். நல்ல வாடகை வண்டி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் குதிரை மாற்றினாலும் மணிக்குப் பத்து மைல் போனால் பெரிது. ஆக, நிற்காமல் போனாலே ஒன்றரை நாள் பிடிக்கும். வழியில் சாப்பிட வேண்டும், கால் நீட்ட வேண்டும்; மழை பெய்தால் சேறு; அச்சு முறிந்தால் கொல்லன் வர வேண்டும். குதிரைக் கூலிக்குச் சில்லறை தீர்ந்துபோனால் அத்தோடு காதல் நின்றுவிடும்! துரத்தி வரும் அண்ணனுக்கும் அத்தைக்கும் இது எவ்வளவு தோதான கணக்கு, பாருங்கள். இந்தக் கணக்கு பிசகாமல் கையில் இருந்ததால்தான் வழிச்சத்திரக் காட்சிகளில் ஹேயரால் அந்த அளவுக்குச் சிரிக்க வைக்க முடிந்தது. இன்று இரண்டு பேர் விமானத்தில் ஏறிவிட்டால் அத்தை என்ன செய்வாள்?

பணமும் அப்படித்தான். 1944இல் வந்த 'ஃப்ரைடேஸ் சைல்ட்' நாவலின் நாயகன் ஒரு விளையாட்டுப் பிள்ளை. அப்பாவின் உயில்படி 25 வயது ஆகும்வரை, அல்லது கல்யாணம் ஆகும்வரை சொத்து அவன் கைக்கு வராது. விரும்பிய பெண் மாட்டேன் என்றுவிட்டாள். அந்த ஆத்திரத்தில், வழியில் பார்க்கும் முதல் பெண்ணைக் கட்டுவேன் என்று கிளம்புகிறான். பார்த்தது சின்ன வயதிலிருந்து தெரிந்த ஓர் ஏழைப் பெண்ணை. உயிலின் அந்த ஒரு பிரிவை எடுத்துவிட்டால் அந்த நாவலே கிடையாது. இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண் ஹேயருக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு ஆண்டு சிறையில், உடனிருந்தவர்களுக்கு இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப ஒப்பித்துத்தான் எல்லோரும் புத்தி கலங்காமல் தப்பித்தோம் என்று எழுதியிருந்தார். வாசகர் கடிதங்களைச் சட்டை செய்யாத ஹேயர் பத்திரப்படுத்தி வைத்த கடிதம் அது ஒன்றுதான் என்பார்கள்.

இனி வாட்டர்லூ. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1937இல் வந்த 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' அந்தப் போரைப் பற்றியது. 1815 ஜூன் 15ஆம் தேதி இரவு பிரஸ்ஸல்ஸில் ரிச்மண்ட் கோமகள் ஒரு நடன விருந்து கொடுத்தார். நடுவில் நெப்போலியன் நெருங்கிவிட்ட செய்தி வருகிறது. ஆடிக்கொண்டிருந்த அதிகாரிகளில் சிலர் உடை மாற்றவும் நேரமில்லாமல் அப்படியே களத்துக்குப் போனார்கள். 18ஆம் தேதி போர். ஹேயரின் நாயகன் வெலிங்டனின் உதவி அதிகாரிகளில் ஒருவன். கடைசியில் ஒரு கையை இழக்கிறான். காதல் உண்டு, சண்டை உண்டு. ஆனால் எந்தப் படைப்பிரிவு எந்த நேரத்தில் எந்த மேட்டில் நின்றது என்பது வரலாற்று நூலில் இருப்பது போலவே இருக்கும். நாவலின் கடைசியில் ஆதார நூல்களுக்கு ஒரு பட்டியல் வேறு. ராணுவப் பயிற்சிக் கல்லூரியான சாண்ட்ஹர்ஸ்டில் மாணவர்களுக்கு இதைப் படிக்கச் சொன்னதாக ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு.

இருபத்து நான்கு ஆண்டு போகிறது. 1961இல் 'எ சிவில் கான்ட்ராக்ட்' என்று ஒரு நாவல். என்னைக் கேட்டால் அவர் எழுதியதில் ஆக மேலானது இதுதான். ஆடம் என்ற இளைஞன். வெலிங்டன் படையில் ஸ்பெயின் போரில் காயம்பட்டு விந்தி நடப்பவன். அப்பா செத்தார், பிரபுப் பட்டம் வந்தது, கூடவே கழுத்துவரை கடனும் வந்தது. காதலித்த பெண்ணை விட்டுவிட்டு, ஒரு பெரும் வணிகரின் மகளைக் கட்டிக்கொள்கிறான். பெண்ணுக்கு அழகு இல்லை. மாமனார் தங்கமான மனிதர். ஆனால் எதைக் கொடுத்தாலும் ஊருக்கே தெரியக் கொடுப்பார். நமக்கு இந்த மாமனாரை நன்றாகத் தெரியும், அறிமுகமே வேண்டாம்.

இந்த நாவலிலும் வாட்டர்லூ வருகிறது. ஆனால் களத்தில் ஒரு காட்சிகூட இல்லை. லண்டனில் பணச் சந்தை. போரில் தோற்றுவிட்டோம் என்று புரளி கிளம்பி, அரசுக் கடன் பத்திரங்களின் விலை சரிகிறது. எல்லாரும் விற்கிறார்கள். கையில் இருப்பதை உடனே விற்றுத் தொலை என்று பதறுகிறார் மாமனார். அவர் வாழ்நாள் முழுக்க வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். மருமகன் என்ன செய்கிறான்? கடன் வாங்கி, விழுந்த விலைக்குப் பத்திரங்களை வாங்கிப் போடுகிறான். ஏன்? அவனுக்குச் சந்தை தெரியாது, தளபதியைத் தெரியும். இவர் கீழே வேலை பார்த்திருக்கிறோம், இவர் தோற்க மாட்டார் என்ற ஒரே நம்பிக்கை. போரின் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்த எழுத்தாளர், இந்த முறை அதையெல்லாம் மறைத்துவிட்டு, செய்தி வந்து சேராத அந்த இடைவெளியை மட்டும் எழுதுகிறார். வெலிங்டனின் வெற்றிச் செய்தி லண்டனை எட்டியது 21ஆம் தேதி இரவு. நடுவில் இருந்த நாட்களில்தான் ஒரு மனிதன் ஆண்டியாவதும் அரசனாவதும் இருக்கிறது. ஒரே ஆராய்ச்சி, இரண்டு நாவல். முதல் நாவலில் அதைக் கொட்டினார், இரண்டாவதில் அடக்கினார். எது கடினம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

இதே நாவலில் இன்னொன்று. மனைவி கருவுற்றதும் லண்டனிலேயே பேர்பெற்ற மருத்துவரை ஏற்பாடு செய்கிறார்கள். பெயர் கிராஃப்ட். உணவைக் குறை, ரத்தம் அதிகமாகிவிடும் என்று அவர் பத்தியம் போட, பெண் வாடிப் போகிறாள். சாதாரண வாசகர் இதைத் தாண்டிப் போய்விடுவார். ஆனால் கிராஃப்ட் நிஜமான மனிதர். 1817 நவம்பரில் இளவரசி சார்லட் பிள்ளைப்பேற்றில் இறந்தபோது கூட இருந்து பார்த்த மருத்துவர். நாடே அவரைப் பழித்தது. சில மாதத்தில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். நாவல் நடப்பது அதற்கு இரண்டு மூன்று ஆண்டு முந்தி. ஆகவே அந்தப் பாத்திரங்கள் யாருக்கும் இது தெரியாது. ஹேயரும் வாயைத் திறக்கவில்லை. வரலாறு தெரிந்தவர் அந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார், அவ்வளவுதான்.

'தி ஸ்பானிஷ் பிரைட்' பற்றி ஒரு சொல். 1940இல் வந்தது, கற்பனைப் பாத்திரங்கள் அல்ல, நிஜ மனிதர்கள். அதே ஸ்பெயின் போரில், 1812 ஏப்ரலில் பாதாஹோஸ் கோட்டை வீழ்ந்ததும் பிரிட்டிஷ் சிப்பாய்களே ஊரைச் சூறையாடினார்கள். இரண்டு ஸ்பானிய சகோதரிகள் பிரிட்டிஷ் முகாமுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். தோட்டைப் பறித்ததில் காது கிழிந்து ரத்தம் வழிந்தது. இளையவள் ஹுவானாவுக்கு வயது 14. ஹாரி ஸ்மித் என்ற அதிகாரி சில நாளில் அவளையே மணந்துகொண்டார். இன்றைக்கு அந்த வயதைக் கேட்டால் நமக்குக் கூசும். நடந்தது அது என்பதால் ஹேயர் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஹாரி ஸ்மித்தின் சுயசரிதையும், சார்லஸ் ஓமன் எழுதிய ஏழு தொகுதி ஸ்பெயின் போர் வரலாறும் அவருக்குக் கைகொடுத்தன. ஓமனின் மகள் கரோலா ஹேயரின் இளம்வயதுத் தோழி, அவரும் எழுத்தாளர். இதே ஹாரி ஸ்மித் 1846இல் பஞ்சாபில் அலிவால் என்ற இடத்தில் சீக்கியப் படையோடு மோதி வென்றார். பிறகு தென்னாப்பிரிக்காவில் ஆளுநர் ஆனார். அங்கே லேடிஸ்மித் என்ற நகரம் ஹுவானாவின் பெயரில்தான் இருக்கிறது. போயர் யுத்தத்தில் அந்த நகரம் முற்றுகைக்கு உள்ளானபோது, அதை மீட்கப் போன படையின் காயம்பட்டவர்களைத் தூக்கியவர்களில் காந்தி இருந்தார். அவரோடு நம் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். இது நாவலில் இல்லை; நான் சேர்த்தது.

இப்படி உழைத்துச் சேர்த்ததை ஒருவர் அலுங்காமல் எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? 1950இல் ஒரு வாசகர் எழுதினார்: பார்பரா கார்ட்லண்ட் என்பவரின் புதிய காதல் நாவல்களைப் பாருங்கள் என்று. படித்துப் பார்த்த ஹேயர் கொதித்துப் போனார். தன் பாத்திரப் பெயர்களும் கதைத் திருப்பங்களும் அங்கே இருப்பதாக நீண்ட பட்டியல் தயாரித்து வழக்கறிஞரிடம் கொடுத்தார். வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. அவரை அதிகம் சுட்டது எது தெரியுமா? எடுத்ததைச் சரியாகக்கூடப் பயன்படுத்தத் தெரியவில்லையே என்பது. பின்னொரு முறை வேறொருவர் நாவலில் ஒரு பழைய சொற்றொடரைக் கண்டார். அது ஒரு குடும்பம் தனக்காக மட்டும் அச்சிட்டு வைத்திருந்த நினைவுக் குறிப்பில் ஹேயர் கண்டெடுத்தது. வெளியார் பார்த்திருக்க வழியில்லை. வரலாற்றுத் தகவலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. ஆனால் அதைத் தேடி எடுத்தவரின் உழைப்பு திருடப்பட்டால் எந்தச் சட்டமும் கைகொடுப்பதில்லை. இது இன்றைக்கும் தீராத வழக்கு.

புகழ்ந்துகொண்டே போவது சொற்பொழிவுக்கு அழகில்லை. ஹேயரின் ஆராய்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தற்செயலாக அமைந்தது அல்ல. 'தி கிராண்ட் சோஃபி' 1950இல் வந்தது. அதில் வட்டிக்கு விடும் ஒரு யூதன் வருகிறான். மூக்கு, அழுக்கு, பேராசை என்று எல்லாப் பழைய வசையும் அவன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் யூதர்களுக்கு என்ன நடந்தது என்று உலகமே அறிந்து ஐந்து ஆண்டு கழித்து எழுதிய பக்கங்கள் அவை. காலத்துக்கு உண்மையாக இருந்தார் என்று சமாதானம் சொல்ல முடியாது.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. 1966இல் வந்த 'பிளாக் ஷீப்' நாவலின் நாயகன் இளமையில் செய்த தப்புக்காக இந்தியாவுக்கு விரட்டப்பட்டவன். பெரும் பணக்காரனாகத் திரும்பி வருகிறான். வேடிக்கையாகப் பேசுவான், யாரையும் மதிக்க மாட்டான். எனக்கும் பிடித்த பாத்திரம்தான். ஆனால் அந்தப் பணம் இங்கே எப்படிச் சேர்ந்தது, யாரிடமிருந்து போனது? மெழுகுவத்தி விலை வரை குறித்து வைத்த அம்மாள் அதைக் குடைந்து பார்க்கவில்லை. அந்தப் பிரபு வீடுகள் பலவற்றைக் கட்டிய மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களும் அங்கே உழைத்த அடிமைகளும் அப்படித்தான். 1819இல் மான்செஸ்டரில் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்தது. அதுவும் அவருடைய ரீஜென்சிக்குள் வரவில்லை. அவருக்கு வேண்டியது லண்டனின் நாலு தெருவும் பாத் நகரமும் சில மாளிகைகளும். அந்த நாலு தெருவை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொண்டார். அடுத்த தெருவுக்குப் போகவில்லை. எதை ஆராய்வது என்று தேர்ந்தெடுப்பதிலேயே ஒருவருடைய அரசியல் வெளுத்துவிடுகிறது.

1942 முதல் 1966 வரை அவர் குடியிருந்தது பிக்காடில்லியில் ஆல்பனி என்ற பழைய குடியிருப்பில். ஒரு காலத்தில் கவிஞர் பைரன் இருந்த இடம். நம் பள்ளிக்கூடங்களின் தலையெழுத்தை எழுதிய மெக்காலேயும் அங்கே இருந்திருக்கிறார். வாசலை விட்டு இறங்கினால் ஹேயருடைய நாவல் நடக்கும் தெரு. ஒருமுறை புதிய பதிப்பாளர் மாக்ஸ் ரைன்ஹார்ட், கையெழுத்துப் பிரதியில் சில சொற்கள் பொருந்தவில்லையே என்று திருத்தம் சொல்லப் பார்த்தாராம். அந்தக் காலத்து மொழி இங்கிலாந்தில் இவரைவிட வேறு யாருக்கும் தெரியாது, கை வைக்காதீர்கள் என்று அலுவலகத்தார் தடுத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவர் மனம் இருந்தது ரீஜென்சியில் இல்லை. இடைக்காலத்தில். மன்னர் நான்காம் ஹென்றியின் மகன், பெட்ஃபோர்ட் கோமகன் ஜானை வைத்து மூன்று பாக நாவல் எழுத வேண்டும் என்று நெடுங்கால ஆசை. அதற்காக 1393 முதல் 1435 வரை நாள்வாரியாக அட்டை போட்டு, எந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள் என்று குறித்து வைத்தார். பழைய கோட்டைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார். ஆனால் வருமான வரி வந்து கதவைத் தட்டும். வாசகர்கள் இன்னொரு ரீஜென்சி கேட்பார்கள். அட்டைகளை மூடி வைத்துவிட்டு ஒரு காதல் நாவல் எழுதுவார். இப்படியே இருபது ஆண்டுக்கு மேல் போயிற்று. 1974 ஜூலை 4ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். 'மை லார்ட் ஜான்' அரைகுறையாகவே நின்றது. கணவர் முன்னுரையோடு 1975இல் வெளிவந்தது.

அதைப் படித்தேன். சொல்லவே தயக்கமாக இருக்கிறது, முடிக்கச் சிரமப்பட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. தேதி சரி, உறவுமுறை சரி, கொடிச் சின்னம் சரி. மனிதர்கள்தான் மூச்சு விடவில்லை. அவர் உயர்வாக நினைத்த வேலையில் ஆராய்ச்சி எஜமானனாகிவிட்டது. மட்டமாக நினைத்த வேலையில் அது வேலைக்காரனாக இருந்தது. அவகாசம் கிடைத்திருந்தால் முழுதும் நன்றாக வந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிரிக்க இடம் இல்லாத இடத்தில் ஹேயருக்குக் கை ஓடாது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கூட்டம் முடிந்ததும் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் 'ஃப்ரைடேஸ் சைல்ட்' எடுங்கள்; ஐம்பது பக்கத்துக்குள் சிரிப்பு வரவில்லை என்றால் இவர் உங்களுக்கானவர் அல்லர், விட்டுவிடலாம். வந்துவிட்டால் அடுத்து 'எ சிவில் கான்ட்ராக்ட்'. அதை முடித்த கையோடு 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' படியுங்கள், எழுதிய வரிசைக்குத் தலைகீழாக. நடுவில் 'பிளாக் ஷீப்' கிடைத்தால் அந்த இந்தியப் பணத்தைப் பற்றி எனக்கு எழுதுங்கள். உங்களில் யாராவது அதை வைத்து இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாவல் எழுதினால் இன்னும் சந்தோஷம்.